ஹிமேனெஸ்: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

1956-ஆம் ஆண்டில் இலக்கியத்திற்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ். அவர் பெயரை ஆங்கில எழுத்தில் காணும் நம்மவர் பலர் 'ஜிமினெஸ்' என்றே படித்துவிடுகின்றனர். அப்பெயரின் ஒலியையும் பொருளையும் ஆராயப் புகுந்தால் ஆயிரம் ஆண்டு வரலாறு விரிகின்றது. அது நம் பெயர் வழக்கத்தோடு பெரிதும் ஒத்திருத்தல் அறிந்து இன்புறத்தக்கது.

முதற்கண் ஒலிப்பைக் காண்போம். முதலெழுத்தின் ஒலி ஜகரம் அன்று. 'அஃது' என்னும்பொழுது இடையே உரசி எழும் ஆய்த ஒலிக்கு நெருங்கியது அது. தமிழில் 'ஹி' என எழுதுவது ஓரளவு பொருந்தும். அழுத்தம் நடுவிலுள்ள 'மே' என்னும் அசையின்மீது விழும். ஈற்றெழுத்தை ஸ்பெயினின் வட பகுதியிலும் நடுப் பகுதியிலும் வாழ்வோர் நாநுனியைப் பற்களின் இடையே வைத்து ஒலிப்பர். மெக்சிகோ முதலிய அமெரிக்க நாட்டினர் 'ஸ்' என்றே ஒலிப்பர்.

பழைய ஏடுகளில் இப்பெயர் 'எக்ஸ்' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவத்தில் தொடங்கும். அந்நாளில் அதன் ஒலி ஷகரம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அவ்வொலி மெல்ல மெல்ல இன்றைய உரசொலியாகத் திரிந்தது. ஸ்பானிய மொழிக் கழகம் 1815-இல் எழுத்து முறையைத் திருத்தியபொழுது அவ்விடத்தில் 'ஜே' எழுத்து நிலைபெற்றது. 'டான் குவிக்சோட்' என்று நாம் படிக்கும் கதைத் தலைவனை ஸ்பானியர் 'கிஹோத்தே' என்றழைப்பதும் இம்மாற்றத்தின் விளைவே.

இனிப் பொருள். 'ஏஸ்' என்னும் விகுதி 'இன்னாருடைய மகன்' எனப் பொருள்படும். ஆகவே ஹிமேனெஸ் என்பவன் ஹிமேனோவின் மகன்; பெர்னாண்டேஸ் என்பவன் பெர்னாண்டோவின் மகன். பின்னதன் மூலப்பெயரான பெர்னாண்டோ, போர்ச்சுகீசியர் வழியாக வந்து நம் தூத்துக்குடிக் கடற்கரையில் இன்றும் வழங்குகின்றது. ஹிமேனோ என்னும் பெயரின் மூலம் பற்றி அறிஞர் கருத்து வேறுபடுவர். மகனைக் குறிக்கும் பாஸ்க்கு மொழிச் சொல்லே அது என்பர் சிலர். சீமோன் என்பதன் திரிபு என்பர் வேறு சிலர். முன்னவர் கூற்று மெய்யாயின் 'மகனுடைய மகன்' என்று இருமுறை சொல்லும் விந்தைப் பெயராகும் இது!

இவ்விகுதி தொடக்கத்தில் தலைமுறைதோறும் மாறிவந்தது. 1099-இல் மறைந்த ஸ்பானிய வீரன் எல் சித் என்பானின் இயற்பெயர் ரொட்ரிகோ தியாஸ். அதாவது தியேகோவின் மகன் ரொட்ரிகோ. அவன் தந்தை தியேகோ லைனெஸ், லைனின் மகன். அவ்வீரனின் மகனோ தியேகோ ரொட்ரிகேஸ். மூன்று தலைமுறைக்கு மூன்று ஈற்றுப் பெயர்கள்! தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகத் தாங்கும் நம் வழக்கமும் இத்தகையதே அன்றோ? இடைக்காலத்தின் இறுதியில் ஸ்பெயினில் அம்மாற்றம் படிப்படியாக நின்றது; ஒரு தலைமுறையின் தந்தை பெயர், பின்வந்தோர் அனைவர்க்கும் குடும்பப் பெயராயிற்று.

ஸ்பானியர் வழக்கில் நாம் போற்றத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. தந்தையின் குடும்பப் பெயருக்குப் பின் தாயின் குடும்பப் பெயரையும் அவர்கள் சேர்த்து எழுதுவர். 1870-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இதனை உறுதிப்படுத்தியது. தாயின் பெயரை முன்வைக்கவும் 1999-இல் சட்டம் இடமளித்தது. கவிஞரின் முழுப்பெயர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ் மாந்தெகோன். ஈற்றில் நிற்பது தாய்வழிப் பெயர். கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸை 'மார்க்கேஸ்' என்று மட்டும் சுட்டுவது, தந்தை பெயரை விடுத்துத் தாய் பெயரால் அழைப்பதாகும்.

திருமணத்தால் அங்குப் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. கவிஞரின் மனைவி செனோபியா காம்ப்ருபீ இறுதிவரை காம்ப்ருபீயே. இரவீந்திரநாத தாகூரின் 'பிறை நிலா' நூலை 1915-இல் ஸ்பானிய மொழிக்குத் தந்த அம்மையார் அவரே. கணவர்க்கு நோபல் பரிசு அறிவிக்கப்பெற்ற மூன்றாம் நாள் அவர் உயிர் நீத்தார்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு ஏட்டளவில் நிற்பதன்று. பள்ளியிலும் அலுவலகத்திலும் நீட்டப்பெறும் படிவங்களில் குடும்பப் பெயருக்கென ஓரிடம் ஒதுக்கியிருப்பர். அவ்விடத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறோம். ஆசிரியர் சிறுவனை அவன் தந்தையின் பெயரால் விளிக்கிறார். உடன் பயில்வோர் நகைக்கின்றனர். பிள்ளையோ, தனக்குக் குடும்பப் பெயர் இல்லாதது ஒரு குறை என்றெண்ணி நாணுகிறது.

அதில் குறை யாதுமில்லை. ஹிமேனெஸ் என்னும் பெயரும் ஒரு காலத்தில் நம் தலைப்பெழுத்தின் தொழிலையே புரிந்தது. அங்கு அது நின்றுவிட்டது, இங்கு இன்றும் நடக்கின்றது. பெற்றோர் இதனைப் பிள்ளைகட்கு எடுத்துரைத்தல் வேண்டும். தலைப்பெழுத்தின் விரிவை எல்லா ஆவணங்களிலும் ஒரே வகையாக எழுதி வைத்தலும் இன்றியமையாதது. பிறர் பெயரை அவர் தாய் அழைத்தவாறே அழைக்க முயல்வோம். நம் பெயரின் முறையையும் பிறர்க்குத் தயங்காது விளக்குவோம்.