கடையும் வீடும் ஒன்றாக உள்ள இடத்தில் காஸ் சிலிண்டர்

நம் சங்க உறுப்பினர்களில் பலருக்கு முன்பக்கம் கடை, பின்பக்கமோ மாடியிலோ வீடு. பெரிய கடை வீதியிலும் சின்னக் கடை வீதியிலும், ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிகளிலும் காலங்காலமாக இதுதான் வழக்கம். சரக்கு விலை, வரி, லாரி வாடகை என்று தினமும் பேசுகிற நாம், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற காஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசுவதில்லை. அது பெண்கள் சமாசாரம் என்று விட்டுவிடுகிறோம். தீப்பிடித்தால் போவது நம் குடும்பமும் சரக்கும்தான்.

சமையல் காஸ் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் புகையைப் போல மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையோடு பரவி, பள்ளமான இடத்தில் தங்கும். படிக்கட்டின் அடி, மேடைக்குக் கீழே, சாக்கடைத் தொட்டி, தெருவைவிடத் தாழ்ந்த குடோன் ஆகியவைதான் அது தங்கும் இடங்கள். இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எச்சரிக்கைகளெல்லாம் தாமாகவே விளங்கும்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, அகலம் குறைந்து நீளமாக இருக்கும். பக்கத்தில் ஜன்னல் வைக்க இடமில்லை. நடுவில் திறந்திருந்த முற்றமும் கொல்லைக் கதவும்தான் காற்றுக்கு வழி. இப்போது முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு, கீழே மூட்டை அடுக்குகிறோம். கொல்லைக் கதவையும் திருட்டுப் பயத்தில் அடைத்துவிட்டோம். சில வீடுகளில் அழகுக்காகச் சமையல் மேடைக்கு அடியில் கதவு போட்டுச் சிலிண்டரை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். மேலே ஓட்டை போட்டுப் பயனில்லை. காற்று போக வழி தரை மட்டத்தில் இருக்கவேண்டும். அந்தக் கதவைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் கலந்தாலே தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும். பத்துக்குப் பத்து அடி, பத்தடி உயரமுள்ள அறை முழுவதும் சீராகப் பரவினால்கூட அதற்குச் சுமார் ஒன்றேகால் கிலோ காஸ் போதும். தரையோடு தங்குவதால் அதைவிடக் குறைவே போதும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ.

காஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் பெருங்காயம், பூண்டு, கருவாடு, சாம்பிராணி வைத்திருக்கும் நம் கடைகளில் மூக்கை நம்பமுடியாது. நாள் முழுதும் உள்ளே இருப்பவருக்கு எந்த நாற்றமும் பழகிப்போகும். வெளியிலிருந்து வருகிற வாடிக்கையாளர் "என்ன, காஸ் வாடை?" என்று கேட்டால் சிரித்து அனுப்பிவிடாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.

மளிகை, அரிசி, தானியம் விற்பவர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு. அது எலி. மூட்டையைக் கடிக்கிற எலி டியூபையும் கடிக்கும். வெறும் ரப்பர் டியூபை இன்றே மாற்றிவிடுங்கள். உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை ஏஜென்சியிலேயே வாங்குங்கள். அதற்கும் ஆயுள் ஐந்து வருஷம்தான். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், நடுவில் ஒட்டுப் போடக்கூடாது. எண்ணெய் படாமலிருக்கப் பிளாஸ்டிக் காகிதம் சுற்றுகிறார்கள். சுற்றிவிட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

சிலிண்டர் வாங்கும்போது நாம் வியாபாரிகள் என்பதை மறந்துவிடுகிறோம். பருப்பு மூட்டையை எடை பார்க்காமல் இறக்குவோமா? காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டி வருகிற எடைதான் மொத்த எடை. கைப்பிடிக்குக் கீழுள்ள பட்டையின் உட்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். எண் வருஷத்தைக் குறிக்கும். அந்த மாத முடிவுக்குள் சிலிண்டரை மறுபரிசோதனைக்கு அனுப்பவேண்டும். தேதி கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். மூடியைத் திறந்து வால்வில் கசிவு இருக்கிறதா, உள்ளே ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று கொண்டுவருபவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அவசரம் இருக்கும், நமக்கு இருக்கக்கூடாது. கடைப் பையனிடம் "வாங்கி வை" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும்.

மாட்டிய பிறகு வால்விலும் டியூபின் இரு முனையிலும் சோப்பு நுரையைத் தடவினால், கசிவிருந்தால் குமிழி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கவேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும். கடைசிக் காஸுக்காகச் சாய்த்து வைப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் ஆபத்து. பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் காஸ் வந்துகொண்டே இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது என்று பொருள். இரவில் அடுப்புக் குமிழை மட்டும் மூடாமல் ரெகுலேட்டரையும் மூடவேண்டும்.

கடைக்கு வீட்டுச் சிலிண்டரை உபயோகிப்பது பற்றியும் சொல்லாமல் இருக்கமுடியாது. டீக்கும் பலகாரத்துக்கும் 14.2 கிலோ சிலிண்டரை வைப்பது 2000ஆம் ஆண்டு எரிவாயு விநியோக ஆணைப்படி குற்றம். வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது, சின்னக் கடைக்கு 5 கிலோவும் கிடைக்கிறது. விலை வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் எண்ணெய்க் கம்பெனிகள் எடுத்துள்ள விபத்து இன்சூரன்ஸில் பொருள் சேதத்துக்கு நஷ்டஈடு, பதிவான முகவரியில் நடந்தால்தான். மிச்சம் பிடித்த காசு அன்றைக்கு எந்த மூலைக்குக் காணும்? அனுமதி இல்லாமல் வைத்திருக்கக்கூடிய மொத்த அளவு 100 கிலோ. அதாவது பெரிய சிலிண்டர் ஐந்துக்கு மேல் கூடாது, காலிகளோடு கலந்து அடுக்கவும் கூடாது.

2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரிகர்கள். ரயில் பெட்டியும் நம் கடைவீட்டைப் போல நீளமானது, குறுகலானது, வழி முனையில்தான். ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23 அன்று கல்யாண மண்டபத்தில் ஐம்பது பேருக்கு மேல் பலியானது காஸினால் அல்ல. ஆனால் தீ என்று வந்தபின் ஜனங்களுக்கு வேண்டியது வெளியேற வழி. மாடி வீட்டுக்கு ஒரே படிக்கட்டு, அதன் அடியில் சிலிண்டர், படியெல்லாம் அட்டைப்பெட்டி என்று இருப்பவர்கள் இந்த வாரமே மாற்றி வைக்கவேண்டும்.

மார்கழிக் குளிரில் வெந்நீருக்குக் காஸ் கீசர் வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கதவு சாத்திய குளியலறைக்குள் அதை மாட்டினால், சுடர் அறையிலுள்ள பிராணவாயுவைத் தின்று கார்பன் மோனாக்ஸைடை உண்டாக்கும். அதற்கு வாசனையே இல்லை. குளிப்பவர் மயங்கி விழும்வரை தெரியாது. கீசரை அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோகவேண்டும்.

கசிவு தெரிந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் மின்விசிறியும் அப்படித்தான். பூஜை விளக்கையும் ஊதுபத்தியையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, தெருவுக்கு வந்தபின் போன் செய்யுங்கள். காஸ் கசிவுக்கு இரவு பகல் எந்நேரமும் 1906, தீயணைப்புக்கு 101. இரண்டு எண்களையும் கல்லாவுக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில், வேலைக்காரப் பையனும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.