நின்றால் குலுங்கும் பழைய கார்: குற்றவாளி கார்புரேட்டர்தானா?

சிக்னலில் சிவப்பு விளக்கு விழுகிறது. பழைய பத்மினி கார் நிற்கிறது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் என்ஜின் தடதடவென்று குலுங்குகிறது. பச்சை விழுவதற்குள் அணைந்தே போகிறது. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

மும்பையில் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023-ம் ஆண்டு அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. ஆனால் சொந்தக் காராக வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மாதச் சம்பளக்காரரின் பாடு திண்டாட்டம்தான்.

அவசரப்பட வேண்டாம். வரிசையாகச் சோதித்தால் வீண் செலவு மிச்சம்.

முதலில் பிளக்

பத்மினி என்ஜினில் 4 சிலிண்டர்கள். ஒன்று படுத்தாலும் வண்டி குலுங்கும். என்ஜின் ஓடும்போது பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெறும் கையால் தொட்டால் ஷாக் அடிக்கும். ரப்பர் பிடி போட்ட குறடு தேவை.

கழற்றியதும் என்ஜின் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லை என்றால் நோய் அங்கேதான். பிளக்கில் கரி பிடித்திருக்கலாம். நாலும் ஒன்றுபோல் தடுமாறினால் டிஸ்டிரிபியூட்டர் பாயிண்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்று

1 கிலோ பெட்ரோல் எரிய சுமார் 15 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டரின் அடியில் உள்ள கேஸ்கட் கிழிந்தால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகும். கேஸ்கட் ஓரத்தில் சோப்புத் தண்ணீரை விட்டதும் என்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கக்கூடும். அவற்றையும் தொட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியில்தான் கார்புரேட்டர்

வேகமாகப் போகும்போது நன்றாக ஓடி, காலை எடுத்ததும் அணைகிறதா? ஐடில் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். அதன் துவாரம் ஊசி முனை அளவுதான். ஒரு தூசி போதும். கழற்றிக் காற்றடித்தால் சரியாகிவிடும். கம்பி விட்டுக் குத்தக்கூடாது. துவாரம் பெரிதானால் பெட்ரோல் வீணாகும்.

கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் மிதவையையும் அதன் ஊசி வால்வையும் கவனிக்க வேண்டும்.

மறைக்கும் வைத்தியம்

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வேக ஸ்குரூவை முறுக்கி என்ஜினை வேகமாக ஓட விடுகிறார்கள். குலுக்கல் அடங்கும், நோய் தீராது. நிற்கும் ஒவ்வொரு சிக்னலிலும் காசு கரையும்.

என்ஜின் சூடான பிறகு மிக்சர் ஸ்குரூவை மெல்லத் திருப்பி, சீராக ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதன் பிறகே வேக ஸ்குரூ.

இந்த வேலையின்போது பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடுவதும் ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறவரிடம், "பிளக்கைப் பார்த்தாயிற்றா? கேஸ்கட்டைப் பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளே பர்சைக் காப்பாற்றும்.