பார்த்தீனியப் பூண்டும் தோல் வியாதியும்

சென்ற கன்னிப்பூ அறுவடைக்குப் பின் அஞ்சுகிராமத்தில் நிலச்சுவான்தார் ஒருவர், நெடுநாள் வேலைசெய்த ஆளை நிறுத்திவிட்டதாக என்னிடம் கூறினார். அவ்வாளுக்குக் கண்ணிமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்துக் கறுத்து நீர் வடிந்ததாம். "தொத்து வியாதி, வீட்டில் குழந்தைகள் உண்டு" என்பது அவர் நியாயம். அது தொத்து வியாதியன்று; தரிசில் வெறுங்கையால் பிடுங்கிய பார்த்தீனியத்தால் வந்த ஒவ்வாமை.

அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்பூண்டு 1955-ல் பூனாவில் காணப்பட்டது முதல் தேசமெங்கும் பரவிவிட்டது. இலை காரட் இலையை ஒக்கும், பூ வெண்மையானது. ஒரே செடி 10,000-க்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். இதிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருளே தோலுக்குப் பகை. காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்து படிந்தாலும் போதும்; மகரந்தத்தால் தும்மலும் இழுப்பும் சிலருக்கு உண்டாகும்.

முதல் நாளிலேயே இது தீங்கு செய்வதில்லை. மாதக்கணக்காக, சிலருக்கு வருஷக்கணக்காகத் தொட்ட பின்னரே தேகம் அதை வெறுக்கத் தொடங்கும். "இத்தனை காலம் பிடுங்கினேனே" என்று ஆட்கள் நம்ப மறுப்பது இதனாலேயே. ஒரே வரப்பில் நிற்போரில் ஒருவருக்கு வந்து மற்றவர்க்கு வாராமையும் இயல்பே.

செடியை விட்டு விலகுவதே முதற் சிகிச்சை. வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் குளித்து உடுப்பையும் துவைத்தல் வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடத்தில் தோல் வைத்தியரைக் காண்க. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டுக் களிம்பை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து போகும்; இவ்வழக்கம் நம் ஊர்களில் அதிகம். மூச்சுத் திணறினால் தாமதமின்றி ஆஸ்பத்திரி சேர்க.

பூக்குமுன், மழைக்குப் பின் மண் ஈரமாயிருக்கையில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்கிக் குழியிலிட்டு மூடுக. பயிரில்லாத இடத்தில், வெயில் நாளில், லிட்டருக்கு 200 கிராம் கறியுப்புக் கரைத்துத் தெளிக்கலாம், வயலில் கூடாது. 1984-ல் பெங்களூரில் விடப்பட்ட மெக்ஸிகோ வண்டு இலையைத் தின்னும், எனினும் கோடையில் மண்ணுள் உறங்கிவிடும். தம் நிலத்தை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. பக்கத்துப் புறம்போக்கிலிருந்து விதை வந்துவிடுமாதலால் கிராம அதிகாரிகளும் கவனித்தல் வேண்டும்.

மேற்சொன்ன ஆள் மீண்டும் வேலைக்கு வருகிறார்; மடை திருப்புதல் மட்டும் அவர் பொறுப்பு. பூண்டு பிடுங்கும் நால்வருக்கு முதலாளி கையுறை வாங்கியிருக்கிறார், இரண்டு ஜோடிதான்.