சட்டம் இருக்கு, உதவி லயத்துக்கு வருதா?

வீட்டில் அடி, உதை நடந்தால் எங்கே போவது என்று கேட்டால் நம் தோட்டங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தலைவர்கிட்ட சொல்லுவோம்." தலைவர் வருவார், இரண்டு பேரையும் வைத்துப் பேசுவார். "இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று புருசன் சொல்லுவார். அடுத்த சம்பள நாள் வரைக்கும் காம்பரா அமைதியாக இருக்கும். பிறகு பழைய கதைதான்.

இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடு முழுவதும் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. கணவனோடு அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் 5 பேருக்கு ஒருவர், அந்த ஆணிடமிருந்தே உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார் என்று அதில் தெரியவந்தது. அந்தக் கணக்கை அப்படியே நம் லயத்துக்கு வைத்துப் பார்த்தால், பத்துக் காம்பராவில் இரண்டு காம்பரா.

இப்படிப்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் பல உதவிச் சேவைகளை வைத்திருக்கிறது. அவை என்ன, எந்த அளவுக்கு நமக்குப் பயன்படுகின்றன, எங்கே தடைப்படுகின்றன என்பதை இங்கே பார்ப்போம்.

எதை வைத்து மதிப்பிடுவது?

ஒரு சேவை கடதாசியில் இருப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. தோட்டத்துப் பெண்ணைப் பொறுத்தவரை நான்கு கேள்விகளைக் கேட்டாலே போதும். போய் வர எவ்வளவு தூரம்? அங்கே தமிழில் பேச முடியுமா? ஒரு நாள் பேர் போகாமல் காரியம் முடியுமா? சொன்ன விசயம் இரகசியமாக இருக்குமா, இல்லை நாளைக்குப் பிரட்டுக் களத்தில் எல்லோரும் பேசுவார்களா?

பொலிஸ் நிலையம்

பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் முறைப்பாடுகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே பெண் உத்தியோகத்தரிடம் பேசலாம். அவசரத்துக்கு 119 ஐ அழைக்கலாம். இராத்திரி நேரத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் கிடைக்கக்கூடிய உதவி இதுதான்.

இரண்டு இடத்தில் இது தடைப்படுகிறது. ஒன்று மொழி. தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் இல்லாத நேரத்தில் நீங்கள் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, எழுதியது உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். பிழை இருந்தால் திருத்தவும், விட்டுப்போனதைச் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மற்றது சமாதானம். "குடும்பம்னா அப்படித்தான், பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டுச் சேர்ந்து இருங்க" என்று புத்திமதி சொல்லி அனுப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. சில முறைப்பாடுகள் மத்தியஸ்த சபைக்குப் போகின்றன. வேலி எல்லைத் தகராறுக்கு அது சரி. அடிக்கிறவரையும் அடிபடுகிறவரையும் சமமாக உட்கார வைத்துப் பேசினால், பயந்தவர் விட்டுக்கொடுப்பார். அதற்குப் பெயர் சமாதானம் இல்லை. எப்படியானாலும் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்காமல் திரும்ப வேண்டாம். பின்னால் நீதிமன்றத்துக்குப் போகும்போது அது உதவும்.

நீதவான் நீதிமன்றம்

இருக்கிற சேவைகளில் அதிக பலம் உள்ளதும், நம்மவர்கள் குறைவாகப் பயன்படுத்துவதும் இதுதான். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். மத்தியஸ்த சபைக்குப் போய் வந்த பிறகுதான் கேட்க வேண்டும் என்று இல்லை. புருசன் மட்டுமல்ல, தகப்பன், சகோதரன், மகன் போன்ற உறவினருக்கு எதிராகவும் கேட்கலாம். கையால் அடிப்பது மட்டுமல்ல, மனதை வதைக்கும் கொடுமையும் இதில் அடங்கும்.

அவசர நிலைமை என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை பிறப்பிப்பார். 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும். பிறகு 12 மாதம் வரை செல்லுபடியாகும் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். காம்பராவுக்குள் வரக்கூடாது, வேலைத்தலத்துக்கு வரக்கூடாது, பின்தொடரக்கூடாது என்றெல்லாம் தடை போடலாம். அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கவும் சொல்லலாம். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

இங்கே ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இது அவரைச் சிறையில் போடக் கேட்கும் வழக்கு இல்லை, விவாகரத்து வழக்கும் இல்லை. "அவரு உள்ள போயிட்டா பிள்ளைகளுக்கு யாரு சோறு போடுறது?" என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. கட்டளையை மதித்து நடந்தால் அந்தக் கட்டளைக்காக அவர் சிறைக்குப் போக மாட்டார், வேலைக்கும் போகலாம். புருசன் செலவுக்குக் கொடுக்காவிட்டால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி அதே நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புப் பணமும் கேட்கலாம்.

இங்கே தடை பணமும் நாளும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு 1978 இல் உண்டாக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்குப் பேசுகிறது. ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். முதல் தவணைக்குப் போய்விட்டு இரண்டாம் தவணைக்குப் போகாமல் விட்டவர்களுக்கு வழக்குத் தள்ளுபடியாகலாம். அந்த நாளைக்குக் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் காம்பராக்காரர் முன்வந்தாலே பெரிய உதவி.

ஆஸ்பத்திரி

அடிபட்டவர் முதலில் பொலிசுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். "விழுந்துட்டேன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொன்னால்தான் வைத்தியர் அதைச் சரியாகப் பதிவார். அந்தப் பதிவு வழக்குக்குச் சாட்சி. பாலியல் கொடுமை நடந்திருந்தால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போக வேண்டும்.

பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிங்களத்தில் "மிதுறு பியச" என்பார்கள். வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கே இலவசமாக, இரகசியமாக ஆலோசனை சொல்லி, மற்ற சேவைகளுக்கும் வழி காட்டுகிறார்கள். நமது நான்கு கேள்விகளில் இரகசியம், நாள் சம்பளம் இரண்டிலும் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். கிளினிக்குக்குப் போகிற அன்றைக்கே போய் வரலாம், ஏன் போனார் என்று யாருக்கும் தெரியாது. குறை என்னவென்றால் இது பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறது, தோட்ட மருந்தகத்தில் இல்லை. லயத்துக்கு வரும் குடும்ப நல மாதுவிடம் கேட்டால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லுவார்.

பிரதேச செயலகம்

பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோர் பிரதேச செயலகங்களில் வேலை செய்கிறார்கள். நன்னடத்தை உத்தியோகத்தரும் பிரதேசத்துக்கென்று இருக்கிறார். இவர்களுடைய வேலையே இதுதான். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்துக்கும் தமிழில் அழைத்துப் பேசலாம்.

தடை தூரமும் ஆட்கள் போதாமையும். 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்துக்கு மேல். அப்போது இருந்தவை 5 பிரதேச செயலகங்கள்தான். இப்போது அது 10 ஆக உயர்ந்திருப்பது நல்ல முன்னேற்றம். ஆனாலும் நடந்து இறங்கி, பஸ் ஏறிப் போக வேண்டிய தோட்டங்கள் நிறைய. போனால் "ஐயா பீல்ட்டுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்ற பதிலும் கிடைக்கும். போவதற்கு முன் யாரையாவது கொண்டு தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பிள்ளைகளுக்கு

1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உண்டானது. அதன் இலக்கம் 1929. காசு இல்லாமல், எந்த நேரத்திலும் அழைக்கலாம். பிள்ளையே பேசலாம், அயலவரும் பேசலாம். தோட்டத்துக்கு மிகவும் பொருத்தமான சேவை இது. தூரம் இல்லை, பேர் போகாது.

இதைப் பயன்படுத்த வேண்டிய இடங்கள் நமக்குத் தெரியும். தாய் வெளிநாடு போய், பாட்டியின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகள். குடித்துவிட்டு வரும் தகப்பனுக்குப் பயந்து இஸ்டோருப் பக்கம் ஒளிந்து நிற்கும் பிள்ளைகள். வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள். 2021 ஜூலையில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்த மலையகத்துச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது நாடே கொதித்தது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். தரகர் வந்து பேசும்போதே தகவல் கொடுத்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம், பெட்டி வந்த பிறகு என்ன செய்வது?

பெரிய குறை

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பெரிய ஓட்டை தெரியும். அன்றைக்கு இராத்திரி எங்கே படுப்பது? பாதுகாப்பு இல்லங்கள் நாட்டில் மிகக் குறைவு. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், பதிவு புருசன் பேரில் இருக்கும். வெளியேறினால் இடமும் போகும், வேலையும் போகும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் அவளை வெளியேற்றுவதற்குப் பதிலாக அவரை உள்ளே வரவிடாமல் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளை நம் பெண்களுக்கு மற்ற எல்லாரையும்விட முக்கியமாகிறது.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, 119, 1929, 1938 ஆகிய மூன்று இலக்கங்களையும் பிள்ளைக்காம்பராச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். தாய்மார் தினமும் போகிற இடம் அது.

இரண்டாவது, மாதர் சங்கம் இந்தச் சேவைகளைக் கணக்குக் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் தமிழிலேயே கடிதம் எழுதுங்கள். பெண்கள், சிறுவர் விசயங்களைப் பார்க்கத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எத்தனை பேர், தோட்டங்களுக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கதிரை காலியாக இருக்காது.

மூன்றாவது, தலைவர்மாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம்தான் முதலில் வருகிறார்கள், அது உங்கள் மேல் உள்ள நம்பிக்கை. முதல் தடவை பேசிப் பாருங்கள், சரி. இரண்டாம் தடவையும் அடி விழுந்தால், காயம் பட்டால், அல்லது பிள்ளை மேல் கை வைத்தால் பஞ்சாயத்து வேண்டாம். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ நீங்களே போங்கள்.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே பல தலைமுறை போய்விட்டது. அடிக்கிற கையை நிறுத்த இப்போது சட்டம் இருக்கிறது. அது தோட்டத்து மேடு ஏறி வருவதற்குக் கொஞ்சம் நாமும் இழுக்க வேண்டும்.