குழாய்க்கு ஒரு நீதி, மின்கம்பிக்கு ஒரு நீதி

மின் கட்டணத்தை உயர்த்தும் முன் கேரளத்தில் மக்களைக் கேட்கிறார்கள். தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்தும்போது கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்பது மட்டாஞ்சேரிக்குத் தெரியும்.

நாலா பக்கமும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. மட்டாஞ்சேரியின் பழைய கதை இது. மிளகும் இஞ்சியும் கப்பலேறிய இந்தத் துறைமுக ஊருக்கு ஒரு காலத்தில் குடிநீர் வந்ததும் படகில்தான். ஆலுவாயில் பெரியாற்றிலிருந்து மொண்டு, காயல் வழியே வள்ளங்களில் கொண்டுவந்தார்கள். பிறகு குழாய் வந்தது. 1967இல் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் நகராட்சிகளை இணைத்து கொச்சி மாநகராட்சி உருவானது. ஆனால் குழாய்களின் கடைக்கோடியில் இருக்கும் மேற்குக் கொச்சி, எங்கே கோளாறு நேர்ந்தாலும் முதலில் காய்ந்துபோகும் பகுதியாகவே இருந்துவருகிறது.

2023 ஜனவரியில் அதுதான் நடந்தது. பிறவம் அருகே பாழூரில் மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து நீர் இறைக்கும் நிலையத்தில் மோட்டார்கள் பழுதாகின. அங்கிருந்து மரடு சுத்திகரிப்பு நிலையம் வழியாக வரும் நீரை நம்பியிருந்த மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, தோப்பும்படி, பள்ளுருத்தி பகுதிகளில் குழாய்கள் வறண்டன. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில். சந்துகளில் குடங்கள் வரிசை கட்டின. டேங்கர் லாரி எப்போது வரும் என்று வீட்டு வேலையைப் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தார்கள் பெண்கள். பெரிய லாரி நுழைய முடியாத சந்துகள் வேறு.

இந்தச் சமயத்தில்தான் திருவனந்தபுரத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. 2023 பிப்ரவரி 3ஆம் தேதி முதல் தண்ணீர்க் கட்டணம் லிட்டருக்கு ஒரு பைசா கூடுகிறது.

ஒரு பைசாதானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கிறது. மாதம் 5,000 லிட்டர் வரை பயன்படுத்தும் வீட்டின் குறைந்தபட்சக் கட்டணம் 22 ரூபாய் 5 காசிலிருந்து 72 ரூபாய் 5 காசாக ஆனது. அதாவது மூன்று மடங்குக்கும் மேல். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு 15,000 லிட்டர் வரை விலக்கு உண்டு என்பது உண்மை. கேரள நீர் ஆணையம் நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. கட்டணம் உயர்ந்திருக்க வேண்டுமா இல்லையா என்பதல்ல இங்கே விஷயம். உயர்வுக்கு முன் நஷ்டக் கணக்கை மேசையில் வைத்து, எவ்வளவு தண்ணீர் கசிவில் போகிறது, பழுதான மோட்டாருக்கு ஏன் மாற்று இல்லை என்று கேட்க ஒரு பொது மேடை இருக்கவில்லை. அரசு முடிவெடுத்தது, ஆணை பிறந்தது, பில் வந்தது.

விசாரணை நடக்கும் இடம்

அதே மட்டாஞ்சேரி வீட்டின் மின்சார பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள கட்டணம் வேறு வழியாக வந்திருக்கிறது. மின் வாரியம் நினைத்தபோது அதை உயர்த்திவிட முடியாது. கேரள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுப் போட வேண்டும். மனுவின் சாரத்தை வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதி அனுப்பலாம். பிறகு பகிரங்க விசாரணை. தொழிற்சாலைகளின் சங்கப் பிரதிநிதி தடித்த கோப்போடு வருவார். பென்ஷன்காரர் ஒருவர் பழைய பில்களைக் கையில் சுருட்டிக்கொண்டு வரலாம். இருவருக்கும் பேச உரிமை உண்டு. மனுவை ஏற்ற 120 நாட்களுக்குள் ஆணையம் காரணங்களோடு உத்தரவு போட வேண்டும்.

2024 செப்டம்பரில் கோழிக்கோடு, பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் என்று நான்கு ஊர்களில் இப்படி விசாரணை நடந்தது. டிசம்பர் 5ஆம் தேதி உத்தரவு வந்தது. யூனிட்டுக்குச் சராசரியாக 16 பைசா, 2025 ஏப்ரல் முதல் மேலும் 12 பைசா. உயர்வு உயர்வுதான். ஆனால் கோடை மாதங்களில் யூனிட்டுக்குத் தனியாக 10 பைசா வேண்டும் என்று வாரியம் வைத்த கோரிக்கையை ஆணையம் ஏற்கவில்லை. கேட்டதெல்லாம் கிடைக்காது என்பதே இந்த ஏற்பாட்டின் சாராம்சம்.

ஏன் இப்படி ஒரு நடுவர்? காரணம் எளிமையானது. புடவைக் கடையில் விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். செல்போன் கம்பெனியைக்கூட மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு தெருவில் இரண்டு கம்பெனிகள் இரண்டு குடிநீர்க் குழாய் பதிப்பதில்லை, இரண்டு வரிசை மின்கம்பம் நடுவதில்லை. விற்பவர் ஒருவரே. சரக்கோ இல்லாமல் வாழ முடியாதது. பேரம் பேச வழியில்லாத இடத்தில் வாங்குபவர் சார்பில் கணக்குக் கேட்க ஒருவர் தேவைப்படுகிறார். அவர் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது. தேர்தலை மனதில் வைத்து விலையை அமுக்கிப் பிடிக்கும் அரசின் ஆளாகவும் இருக்கக் கூடாது. இன்று அமுக்கிய விலை, நாளை பழுதான மோட்டாராகத் திரும்பி வரும்.

இந்தியாவில் இந்தப் பாதையில் முதலில் நடந்தது ஒரிசா. 1995இல் சட்டம், 1996இல் ஆணையம். 1998இல் மத்திய சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1999இலும் கேரளத்தில் 2002 நவம்பரிலும் ஆணையங்கள் அமைந்தன. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அவற்றுக்கு இன்றைய வடிவைக் கொடுத்தது. தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் மூன்று உறுப்பினர்கள். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் தலைமையிலான குழுவே பெயர்களைப் பரிந்துரைக்கும். பதவிக்காலம் ஐந்தாண்டு, அல்லது 65 வயது வரை. அதே பதவியில் மறுநியமனம் கிடையாது. அடுத்த வாய்ப்புக்காக யாரையும் குளிரவைக்க வேண்டியதில்லை. சட்டம் அறிந்த ஒருவர் ஆணையத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு யாருக்காவது சலுகை விலையில் மின்சாரம் தர விரும்பினால், அந்த மானியப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்கிறது 65ஆவது பிரிவு.

கடிவாளம் யார் கையில்?

சட்டத்தில் சுதந்திரம் எழுதப்பட்டிருப்பது வேறு, அது நடைமுறையில் நிலைப்பது வேறு. கேரளமே இதற்கு உதாரணம். 2014இல் மின் வாரியம் 25 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தங்கள் போட்டது. டெண்டர் விதிகள் மீறப்பட்டதாகச் சொல்லி, அவற்றில் 465 மெகாவாட்டுக்கான ஒப்பந்தங்களுக்கு 2023 மே மாதம் ஆணையம் அனுமதி மறுத்தது. ஆணையம் விதிப்படி நடந்தது. ஆனால் யூனிட் 4 ரூபாய் 29 காசு அளவில் வந்துகொண்டிருந்த மின்சாரம் போனது. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்தது. வாரியம் வெளிச் சந்தையில் அதிக விலைக்கு வாங்க நேர்ந்தது.

அக்டோபரில் மாநில அரசு 108ஆவது பிரிவைக் கையிலெடுத்தது. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு அரசு வழிகாட்டலாம் என்பது அந்தப் பிரிவு. டிசம்பரில் ஆணையம் தன் உத்தரவையே மாற்றி ஒப்பந்தங்களுக்கு உயிர் கொடுத்தது. 2024 ஜூலையில் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. நுகர்வோர் எந்தப் பக்கம் நிற்பது? முறைகேட்டை எதிர்த்த ஆணையத்தின் பக்கமா, மலிவான மின்சாரத்தை மீட்கப் பார்த்த அரசின் பக்கமா? சுலபமான பதில் இல்லை. ஆனால் எது நடந்தாலும் காரணங்கள் உத்தரவாக எழுதப்பட்டன, மேல்முறையீட்டுக்கு இடமிருந்தது.

கடல் கடந்தால் கதை இன்னும் கசப்பானது. இலங்கையில் 2023 பிப்ரவரியில் மின் கட்டணம் 66 சதவிகிதம் உயர்ந்தது. அதை வெளிப்படையாக எதிர்த்தவர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்க. அதே ஆண்டு மே 24ஆம் தேதி நாடாளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளில் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. இங்கிலாந்திலோ நோய் எதிர்த் திசையில். தண்ணீர்க் கம்பெனிகள் தனியார்மயமான 1989இல் பிறந்த ஆஃப்வாட், ஆறுகளில் கழிவுநீர் கலந்தபோதும் கம்பெனிகள் கடனில் மூழ்கியபோதும் போதிய கண்டிப்புக் காட்டவில்லை என்ற விமர்சனத்துக்கு ஆளானது. அதைக் கலைக்கப்போவதாக 2025 ஜூலையில் அந்நாட்டு அரசு அறிவித்தது. நாய் கட்டிப்போடப்பட்டாலும் ஆபத்து, தூங்கிப்போனாலும் ஆபத்து.

தெரிந்தால் கிடைக்கும்

மின்சாரத்தில் நுகர்வோருக்கு உள்ள உரிமைகள் பலரும் நினைப்பதைவிட அதிகம். சாதாரணமாக, விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் இணைப்பு தர வேண்டும். 15 முழு நாட்கள் எழுத்து மூலம் அவகாசம் தராமல், பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது. தொடர்ந்து பில்லில் காட்டப்படாத பழைய பாக்கியை இரண்டு ஆண்டுக்குப் பிறகு திடீரென்று வசூலிக்க முடியாது. ஆணையம் தீர்மானித்ததற்கு மேல் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். சேவைத் தரம் தவறினால் நஷ்ட ஈடும் உண்டு.

முறையிட இரண்டு படிகள். முதலில் நுகர்வோர் குறைதீர் மன்றம். இதை அமைப்பது மின் நிறுவனமே என்பது ஒரு குறை. அங்கே திருப்தி இல்லை என்றால் ஆணையம் நியமிக்கும் மின்சார ஆம்புட்ஸ்மன். இரண்டும் எர்ணாகுளத்திலேயே உண்டு. மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து காயலைத் தாண்டினால் போதும். வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை.

தண்ணீருக்கு இப்படி ஒரு தனி ஏணி இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அல்லது எர்ணாகுளத்தில் உள்ள நிரந்தர லோக் அதாலத்தை அணுகலாம். குடிநீர் வழங்கலும் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் அந்த வழக்கு அங்கே செல்லும். ஆனால் இவை நடந்துபோன தவறுக்கு மருந்து தேடும் இடங்கள். கட்டணத்தை முன்கூட்டியே அலசுவதும், மோட்டார் பராமரிப்புக்குக் கணக்குக் கேட்பதும் அவற்றின் வேலை அல்ல. மகாராஷ்டிரம் 2005இலேயே நீர்வளத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கச் சட்டம் செய்தது. அதன் பார்வை பெரும்பாலும் மொத்த நீர் விநியோகத்தின் மீது. வீட்டுக் குழாய்வரை வந்து கேட்கும் நடுவர் கேரளத்தில் இல்லை.

ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபி கானாவில் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கின்றன. அவர்களுக்குத் தண்ணீர் என்பது தாகம் மட்டுமல்ல, தொழில். மின்சாரம் ஒரு மணி நேரம் போனால் யாரைக் கேட்பது என்பதற்கு அவர்களுக்குச் சட்டம் ஒரு விலாசம் தந்திருக்கிறது. குழாய் ஒரு மாதம் வறண்டால் கேட்க, டேங்கர் லாரி டிரைவர்தான் இருக்கிறார்.