விறகின் நிறையில் நீரின் பங்கு

குடாநாட்டு மக்களுக்கு விறகடுப்பு புதியதன்று. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் அரும்பொருளானபோதும், 2022 ஆம் ஆண்டில் எரிவாயு சிலிண்டர்களுக்காக மக்கள் வரிசையில் காத்து நின்றபோதும் கைகொடுத்தது விறகே. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தடவையில் உயர்த்தப்பட்டமையை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் விறகை நிறுத்து வாங்கும் நாம், அதில் எவ்வளவு மரம், எவ்வளவு நீர் என்று கேட்பதில்லை.

புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கக்கூடும். 40 வீத ஈரமுள்ள விறகில் 10 கிலோ வாங்குபவர், 6 கிலோ மரத்தையும் 4 கிலோ நீரையுமே வீட்டுக்குக் கொண்டு செல்கிறார். இழப்பு அத்துடன் முடிவதில்லை. அந்நீரை ஆவியாக்குவதற்கும் அதே விறகின் வெப்பமே செலவாகிறது. அடுப்பின் வெப்பம் தாழ, விறகு முழுமையாக எரியாது புகைகிறது. வீட்டினுள் காற்று மாசடைவதனால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்புப் புகையை முதலிற் சுவாசிப்பவர்கள் பெண்களும் குழந்தைகளுமே.

ஈரத்தை அளக்கும் முறை எளிது. ஆய்வுகூடத்தில் ஒரு துண்டை நிறுத்து, சுமார் 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிறை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் நிறுப்பர். 1000 கிராம் துண்டு 600 கிராமாகக் குறைந்தால், மொத்த நிறையில் ஈரம் 40 வீதம். அதே 400 கிராம் நீரை உலர்ந்த மரத்தின் நிறையோடு ஒப்பிட்டால் 67 வீதம் என வரும். ஊசிமுனை கொண்ட ஈரமானிகள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கையே காட்டுவன. ஆகவே மானி 25 எனக் காட்டினால், மொத்த நிறையில் அது 20 வீதமாகும். அந்த அளவுக்கு மேற்படாத விறகே நன்றாக எரியும். வெளிப்புறம் விரைவிற் காய்ந்துவிடுவதால், புதிதாகப் பிளந்த உட்பக்கத்திலேயே ஊசியைக் குத்துதல் வேண்டும்.

மானி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. பிளந்த துண்டொன்றை நிறுத்து, நிறையை அதன்மேலேயே கரியால் எழுதிவைத்து, வாரந்தோறும் நிறுத்துப் பார்க்கலாம். நிறை குறைவது நின்றால், விறகு காற்றோடு சமநிலை எய்திவிட்டது என்பது பொருள். முனைகளில் வெடிப்பு விழுவதும், ஒன்றோடொன்று தட்டும்போது 'கணீர்' என ஒலிப்பதும் நம் முன்னோர் அறிந்த அடையாளங்கள். ஐப்பசி மழைக்கு அஞ்சி, சித்திரை வெயிலிலேயே விறகைப் பிளந்து அடுக்கியவர்கள் அவர்கள்.

தராசுக்கு அரச முத்திரை உண்டு. ஆனால் நேர்மையான தராசும் நீரையும் மரத்தையும் பிரித்துக் காட்டாது. பிரதேச சபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆளுக்கொரு ஈரமானியை வாங்கி, விறகு காலைகளில் மக்கள் பார்வைக்கு வைத்தால் என்ன? மழைக்காலத்தில் நீருக்கும் சேர்த்து விலை கொடுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அது பேருதவியாக அமையும்.