வங்கி மாறினால் கணக்கு மாறுமா?

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 1960-களில் நடப்புக் கணக்கு வைத்திருந்த கோலாலம்பூர் வணிகர் ஒருவரை எண்ணிப் பார்க்க. அவர் அவ்வங்கியை விட்டு விலக ஒருநாளும் விண்ணப்பித்தவர் அல்லர். ஆயினும் அவருடைய கணக்கு மும்முறை வங்கி மாறிற்று. நான்காம் முறை வங்கியின் பெயர் மாறிற்று.

1937 பிப்ரவரி 10-ஆம் நாள் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய அவ்வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. பின்னர் மலாயாவிற்கும் வந்தது. 1969-இல் இந்திய அரசு பதினான்கு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது, இதுவும், இந்தியன் வங்கியும், யுனைடெட் கமர்ஷியல் வங்கியும் அவற்றுள் அடங்கின. அயல்நாட்டு அரசுக்கு உரிமையான வங்கி இங்குத் தொழில் நடத்துவதை அந்நாளைய மலேசியச் சட்டம் தடுத்தது. ஆகவே மூன்றின் மலேசியக் கிளைகளும் 1973-இல் யுனைடெட் ஏசியன் வங்கியாக ஒன்றுபட்டன. அது 1991-இல் பேங்க் ஆப் காமர்ஸுடனும், அது 1999-இல் பூமிபுத்ரா வங்கியுடனும் இணைந்தது. 2006-இல் சிஐஎம்பி என்னும் பெயர் வந்தது.

இத்தனை மாற்றத்திலும் கணக்கு அறாமல் நின்றது எங்ஙனம்? கணக்கு என்பது பெட்டியில் வைத்த பணம் அன்று. வாடிக்கையாளர் செலுத்திய பணம் வங்கிக்கே உரியதாகிறது. கேட்டபோது அத்தொகையைத் தரும் கடன் வங்கியின்மேல் நிற்கிறது. 1848-இல் போலி எதிர் ஹில் வழக்கில் ஆங்கிலப் பிரபுக்கள் சபை இதனை உறுதி செய்தது. நம் கையேட்டில் ‘வரவு’ எனக் காண்பது வங்கிக்குக் கடன். வங்கிகள் இணையும்போது இக்கடனும், அதனோடு ஈடும் கட்டளைகளும், சட்டத்தின் வழி ஒருசேரக் கைமாறுகின்றன. இன்று மலேசியாவில் உயர்நீதிமன்ற ஆணை அதனைச் செய்கிறது.

லெபோ அம்பாங் கிட்டங்கிகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. மூன்றாண்டு முடிந்ததும் முகவர் ஊருக்குக் கப்பலேறுவார். புதியவர் வந்து அதே பேரேட்டைத் திறப்பார். கணக்கு முகவரின் பெயரில் அன்று, கடையின் விலாசத்தில் அன்றோ நின்றது!

தாமே வங்கி மாறுகிறவர் நிலை வேறு. பிரிக்பீல்ட்சில் மளிகைக் கடை நடத்துபவர் ஒருவர் கிள்ளானில் வேறொரு வங்கிக்கு மாறுகிறார் எனக் கொள்க. சட்டத்தின் கண்ணில் இங்கே எதுவும் இடம் பெயர்வதில்லை: ஓர் ஒப்பந்தம் முடிகிறது, மற்றொன்று பிறக்கிறது. மீதித் தொகை மட்டுமே கூட வரும். மாதந்தோறும் வாடகை அனுப்புமாறு பழைய வங்கிக்கு இட்ட கட்டளை புதிய வங்கியைக் கட்டாது. சரக்குக்காரரிடம் கொடுத்திருந்த காசோலை, கணக்கை மூடிய பின்னர் வந்தால் பணமின்றித் திரும்பும். கடையில் பணம் இருந்தும் நாணயம் போகும். ஆதலின் புதியதை முதலில் திறந்து, கொடுத்த காசோலைகள் யாவும் தீரும்வரை பழையதில் பணம் விட்டுவைத்தல் வேண்டும். காசோலை ஆறு திங்கள் வரை உயிருடையது என்பதனை நினைவில் கொள்க.

மேல்பற்று, அதாவது ஓவர்டிராப்ட், இருப்பின் வேலை இரட்டிக்கும். நிலத்தை ஈடாக வைத்திருந்தால், பழைய ஈட்டை நீக்கிப் புதியதை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். கோயில், சங்கம், பள்ளிப் பெற்றோர் கழகம் ஆகியவற்றின் கணக்கானால் கையொப்பமிடுவோர் யாவர் என்னும் குழுத் தீர்மானமும் வேண்டும். பழைய செயலாளர் பெயரிலேயே கட்டளை கிடக்கும் சங்கங்கள் இவ்விடத்தில்தான் திணறும்.

பிரிட்டனில் 2013 செப்டம்பரில் தொடங்கிய ஏற்பாடு இச்சுமையை வாடிக்கையாளர் தோளிலிருந்து இறக்கிற்று. ஏழு வேலைநாளில் புதிய வங்கியே கட்டளைகள் அனைத்தையும் மாற்றுகிறது; பழைய கணக்கிற்குத் தவறி வரும் தொகையும் புதியதற்குத் திருப்பி அனுப்பப்படுகிறது.